பார்சலில் போகாத பழுது

முத்தன்துறையில் கப்பல் சாமான் தெரு என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவில் விற்காத பொருள் கடல் தண்ணீர் ஒன்றுதான். அதையும் யாராவது கேட்டிருந்தால் பாட்டிலில் அடைத்து, ‘அதிகம் பயன்படுத்தப்படாதது’ என்று எழுதி, எங்கள் ஆட்கள் ஏலத்தில் விட்டிருப்பார்கள். உடைப்பதற்காகக் கரைக்கு வந்த கப்பல்களிலிருந்து இறங்கிய பித்தளை விளக்குகள், வட்ட ஜன்னல்கள், கேப்டன் சாப்பிட்ட பீங்கான் தட்டுகள், சமையல்காரன் படுத்த கட்டில், எந்தக் கடலில் எதைப் பார்த்ததோ தெரியாத தொலைநோக்கிகள் எல்லாம் எங்கள் கடைகளில் குவிந்து கிடந்தன. முன்பெல்லாம் வாங்குகிறவன் நேரில் வந்தான். தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான், கடைசியில் நாங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனான். இணைய ஏலம் வந்த பிறகு அவனுடைய கண் மட்டும் வந்தது. அந்தக் கண்ணும் நாங்கள் காட்டிய பக்கத்தைத்தான் பார்த்தது.

காட்டுகிற பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் எங்கள் தெருவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விரிசல் விழுந்த பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும். நசுங்கிய இடத்தின் மேல் ஒரு மல்லிகைச் சரம் அழகுக்குக் கிடப்பதுபோல் கிடக்கும். துருவின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி, முகத்துக்கு நேராக ஃபிளாஷை அடித்தால் துருவும் வெள்ளி மாதிரி மின்னும். அடிப்பாகத்தை யாரும் படம் எடுப்பதில்லை, ஏனென்றால் அடிப்பாகத்தைக் காட்டுவது மரியாதை இல்லை என்று தெருவில் மூத்த கடைக்காரரான சுயம்புலிங்கம் அண்ணாச்சி சொல்லியிருந்தார். படத்துக்குக் கீழே எல்லாரும் ஒரே வாசகத்தை எழுதினோம்: ‘வயதுக்கு ஏற்ற நல்ல நிலையில் உள்ளது.’ எங்களுடைய பொருள்கள் எதற்கும் அது பொருந்தியது, சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கும்கூடப் பொருந்தியது.

அப்படித்தான் அண்ணாச்சி ஒரு பீங்கான் சூப்புக் கிண்ணத்தை பெங்களூரில் ஒரு அம்மாளுக்கு விற்றார். கிண்ணத்தின் பின்பக்கம் ஒரு மயிரிழை விரிசல் இருந்தது, பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்சல் போய்ச் சேர்ந்த அன்று காலையில், கிண்ணம் திரும்பி வரும், கூடவே வசவும் வரும் என்று அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தது ஐந்து நட்சத்திரம். ‘படத்தில் கண்டதைவிட அருமை, ஒரு கீறல்கூட இல்லை’ என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். அண்ணாச்சி ஆச்சரியப்படவில்லை, தன் தொழில் திறமை என்று எடுத்துக்கொண்டு, சாய்ந்து உட்காரத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில், நண்டின் கால் மடங்குவதுபோல் மடங்கி, ஒரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. அவர் கொத்தனாரைத் திட்டினார்.

பிறகு ஒவ்வொரு வீடாக ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்த தொலைநோக்கியை ‘தெளிவாகத் தெரியும்’ என்று எழுதி விற்ற கித்தேரியம்மாளின் அடுக்களை ஜன்னலில், எந்தத் துணிக்கும் போகாத பூஞ்சை படர்ந்தது. டீசல் நாறிய டிரங்குப் பெட்டியை விற்ற வீட்டில் சாம்பார் டீசல் நாறியது. ஆடுகிற நாற்காலியை விற்றவன் வீட்டில் கட்டிலும் பெஞ்சும் அம்மியும்கூட ஆடின. அங்கே பொருள் வாங்கியவர்கள் எல்லாரும் மனம் குளிர்ந்து நட்சத்திரங்களாக அனுப்பிக்கொண்டிருக்க, இங்கே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதிர்க்கடைக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்று பக்கத்துக் கடைக்காரன் சொன்னான், பக்கத்துக் கடைக்காரன்தான் வைத்தான் என்று எதிர்க்கடைக்காரன் சொன்னான். வாசற்படிகளைக் கடப்பாரையால் பெயர்த்துத் தகடு தேடினோம். மாதா கோயில் பங்குச்சாமியார் வந்து தெரு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் விரிசல்களுக்குள் இறங்கி, மறுபக்கம் வழிந்தது. சாமியார் அதைப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் பூசிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் கித்தேரியம்மாள். நல்ல எண்ணத்தில் கண்டுபிடித்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணாச்சியின் கடையில் என்ன புதுச்சரக்கு வந்திருக்கிறது என்று வேவு பார்க்கப் போனவள், சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, இது கொத்தனாரு வேல இல்ல. இந்த விரிசல எனக்கு நல்லாத் தெரியும். அந்த சூப்புக் கிண்ணத்துல இருந்ததுல்லா இது.”

“எங்கிட்ட கிண்ணத்த விக்கும்போது விரிசலே இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனியே, கித்தேரி?”

“ஒம்மகிட்ட சொன்னது யாவாரம். இப்ப சொல்லுதது உண்ம.”

அண்ணாச்சி சோதித்துப் பார்த்தார். பெங்களூர் அம்மாளுக்கு, கிண்ணத்தின் பின்பக்கம் ஒரு விரிசல் உண்டு, எழுத விட்டுப்போனது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினார். அந்த அம்மாள் நல்ல மனுஷி, அப்படியா என்று நம்பி, கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் இங்கே நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பால் ஆடை மூடுவதுபோலச் சுவர் மூடிக்கொண்டது. கிண்ணம் விரிசலோடு திரும்பி வந்தது, ஐந்து நட்சத்திரம் ஒற்றை நட்சத்திரம் ஆனது. இதைப் பார்த்து இன்னொருவரும் தான் விற்ற விளக்கைப் பற்றி எழுதினார். அதை வாங்கியவன் ‘நல்ல ஜோக்’ என்று சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான், இங்கே பழுது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆக, சொல்லாமல் விட்ட பழுது பார்சலில் போகாது, வீட்டிலேயே தங்கிவிடும். பிறகு சொன்னால் போகும். ஆனால் சொன்னால் மட்டும் போதாது, கேட்டவன் நம்பவும் வேண்டும். இவ்வளவுதான் சட்டம். யார் போட்டது, ஏன் எங்கள் தெருவுக்கு மட்டும் போட்டது என்று கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை, அன்றைக்குப் பார்சல் ஏற்றுகிற வேன் வந்து நின்றது.

தெரு திருந்தியிருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் தெருவைத் தெரியாது. ஒரு சுவர் விரிசலுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைக்கிறதென்றால் விரிசலைத் தாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். விரிசலின் மேல் காலண்டர் மாட்டினார்கள். நகைக்கடைக் காலண்டர், ஜவுளிக்கடைக் காலண்டர், வேளாங்கண்ணி மாதா காலண்டர், முருகன் காலண்டர் என்று மதபேதம் இல்லாமல் மாட்டினார்கள். கொஞ்ச நாளில், எந்த வீட்டில் காலண்டர் அதிகமோ அந்த வீட்டுக்காரன் பெரிய திருடன் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கருவேப்பிலை வாங்க வருகிறவள், “இன்னைக்கு என்ன தேதி?” என்று கேட்டுக்கொண்டே காலண்டரைத் தூக்கிப் பார்ப்பாள். பெண் பார்க்க வருகிற சம்பந்திகள், பெண்ணை ஒரு கண்ணாலும் காலண்டரை இன்னொரு கண்ணாலும் பார்த்தார்கள். சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த உப்புக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, பொருள்களை அங்கேயே படம் பிடித்து, அங்கேயே பொய் எழுதி, பழுதுகளை அங்கேயே குடிவைத்தார்கள். ஒரு மழைக்காலத்தில் கிடங்கு தானே உட்கார்ந்துவிட்டது. அதன் அடியில் கிடந்த பழுதுகள் அத்தனையும் அவரவர் வீட்டைத் தேடிச் சரியாக வந்து சேர்ந்தன, ஒன்றுகூட விலாசம் தவறவில்லை.

இந்தத் தெருவில் காலண்டரே இல்லாத வீடு ஒன்றுதான் இருந்தது, அது தொம்மையின் வீடு. தொம்மை பழைய பொருள்களை வாங்கிச் சுத்தம் செய்து தருகிறவன், படம் எடுத்து எழுதுகிறவள் அவன் மனைவி ரெமிஜியா. அவள் எழுதுகிற விதமே வேறு. ஃபிளாஷைத் தொடமாட்டாள், காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற தெரு ஜன்னல் ஓரமாக ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டியை விரித்து, பொருளை வைப்பாள். பக்கவாட்டு வெயிலில் எந்த நசுங்கலும் ஒளிந்துகொள்ள முடியாது. அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம், மூடியின் உள்பக்கம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சில்லு போன இடத்தில் தன் ஆட்காட்டி விரலை வைத்து ஒரு படம் தனியாக எடுப்பாள். ‘இந்த இடத்தில் நகம் தட்டும்’ என்று எழுதுவாள். ‘ஈயம் போன இடம் இரண்டு, புளி போட்டுச் சமைக்க வேண்டாம்’ என்று எழுதுவாள். அவளுடைய விரலைப் பார்த்தால்தான் ஏலம் கேட்பேன் என்கிறவர்கள் நாலு மாநிலத்தில் இருந்தார்கள்.

காலண்டருக்கு இடமில்லாமல் போன பிறகு தெருக்காரர்களும் அவளிடம் வந்தார்கள். வீட்டுக்குள் விடமாட்டாள், ஜன்னலுக்கு வெளியே தெருவில் நின்று, கம்பி வழியாகப் பொருளைக் கொடுத்து, அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவள் உள்ளேயிருந்து எழுதுவாள். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுவதுபோல இருந்ததால் நாங்கள் அதைப் பாவசங்கீர்த்தனம் என்றோம். “வேற?” என்று கேட்பாள். இல்லை என்றால், “யோசிச்சுச் சொல்லுங்க, வேற?” என்பாள். மூன்றாவது முறை அவள் பார்க்கிற பார்வைக்கு, கேட்காத குறையும் வெளியே வந்துவிடும். ஒருவன் அடுப்பைப் பற்றிச் சொல்ல வந்தவன் அண்ணனோடு இருந்த நிலத்தகராறையும் சொல்லிவிட்டுப் போனான்.

அவளை எங்களுக்குப் பிடிக்கவில்லை. இதை மறைத்துப் பயனில்லை. குறை சொல்லுகிறவர்களைச் சகித்துக்கொள்ளலாம், குறை இல்லாதவர்களோடு எப்படி ஒரே தெருவில் குடியிருப்பது? ஏதோ ஒன்றை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள், நமக்குத்தான் அகப்படவில்லை என்று பேசிக்கொண்டோம்.

பிறகு அகப்பட்டது. அவர்களுடைய மகள் பெனிட்டா மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், வாய் ஓயாது, கால் ஓயாது. பள்ளிக்கூடம் விட்டுவருகிற வழியில் தெருவில் எல்லாருக்கும் எல்லாருடைய செய்தியையும் சொல்லிவிட்டுத்தான் வீடு சேருவாள். ஒரு நாள் கித்தேரியம்மாள் கடை வாசலில், “பாட்டி, எங்க கிளாஸ்ல ஒரு பையன் இன்னைக்கு” என்றவள், அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி, தூக்கிய கை தூக்கியபடி, கண் இமைக்காமல் நின்றாள். கித்தேரியம்மாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். சற்றுப் பொறுத்து, பிள்ளையின் நாக்கு மேலண்ணத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது. “பென்சில முழுங்கிட்டான்” என்று விட்ட இடத்திலிருந்து சொல்லிவிட்டு ஓடினாள். தான் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி நின்றாள். தண்ணீர் குடிக்கும்போது நிற்பாள், தண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருக்கும். ஜெபம் சொல்லும்போது நிற்பாள், மற்றவர்கள் ஆமென் சொல்லி எழுந்த பிறகு அவள் மட்டும் தொடங்குவாள். பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் பொறுமையாகப் பேசினார், மருந்து எழுதினார், படத்தில் ஒன்றும் இல்லை என்றார். படத்தில் ஒன்றும் இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் ரெமிஜியா அந்தப் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தில் தெரியாத குறை என்ன செய்யும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

தெருவுக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் ஒரு நிம்மதி வந்தது. பார்த்தாயா, அந்த வீட்டிலும் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பேசினோம். பழம் கொடுக்கிற சாக்கில் பெண்கள் உள்ளே போய், தேதி பார்க்கக் காலண்டர் தேடினார்கள், இல்லாததால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அவள் எழுதிய பழைய விவரங்களை எல்லாம் போனில் தேடித் தேடி வாசித்தோம். அந்த நிம்மதி, மீன் லாரி வந்த அன்று போயிற்று. பெனிட்டா தெருவைக் கடக்கிறாள், நடுவில் நிற்கிறாள், லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், அவள் சிரித்த முகமாக லாரியைப் பார்த்தபடி நிற்கிறாள். கித்தேரியம்மாள் பாய்ந்துபோய்ப் பிள்ளையை மடியோடு சேர்த்து இழுத்து, இரண்டு பேருமாகச் சாக்கடையில் விழுந்தார்கள். லாரி தாண்டிப் போன பிறகும் கித்தேரியம்மாளின் கைக்குள் பிள்ளை ஒரு பொருளைப்போல அசையாமல் இருந்தது. அன்று எங்கள் தெருவில் யாரும் யாரையும் கேலி பேசவில்லை. நிற்கிற நேரம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது, ஒரு தடவை நின்றவள் திரும்பத் தொடங்காமலே போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

பிள்ளையைக் கழுவி உட்கார வைத்தபோது அவள் நாக்கு மறுபடி ‘டக்’ என்றது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தோம். தொம்மை மட்டும் வெறும் சுவரைப் பார்த்தான். ரெமிஜியா அதைக் கவனித்துவிட்டாள். குறையை மறைக்கிற எத்தனை பேர் அவள் ஜன்னலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் இப்படிச் சுவரைப் பார்த்திருக்கிறார்கள்!

அவள் கத்தவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். “வெளிய போங்க. போயி சன்னலுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

“ரெமி, தெருவே பாத்துட்டு நிக்குதுட்டி.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். எல்லாரும் நின்ன எடத்துல நில்லுங்க.”

தொம்மை தெருவுக்குப் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் உள்ளே முக்காலியில் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க.”

“கேப்டன் ரூம்புக் கடியாரம். பித்தள. ஈரோட்டுக்குப் போச்சுல்லா, அது.”

“அதுல நான் எழுதாதது என்ன? டயல்ல மஞ்சப் புள்ளி, எழுதிருக்கேன். சாவித் தொளைல கீறல், எழுதிருக்கேன். வேற?”

“அது நிக்கும்,” என்றான் தொம்மை. “நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நிக்கும். பொறவு டக்குன்னு ஒரு சத்தம் போட்டுட்டு அதுவா ஓடும். நீ படம் எடுத்தன்னைக்கு நிக்கல.”

“ஏன் சொல்லல?”

அவன் அழுதுகொண்டே சொன்னான். “நான் தேச்சுத் தேச்சு, தொடச்சுத் தொடச்சு, கொண்டாந்து வைக்கிற எல்லாத்துலயும் நீ ஒரு குறையக் கண்டுபிடிச்சு வெரல வைப்ப. ஒரு பொருளாவது குறையில்லாம என் கையவிட்டுப் போவட்டும்னு ஆசப்பட்டேன் ரெமி. நீ கேக்கல. நான் சொல்லல.”

உண்மைதான், அவள் கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் மூன்று தடவை கேட்கிறவள், புருஷனை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த வீட்டில் கடிகாரம் வேறு கிடையாது, எல்லாரும் போனில்தான் மணி பார்த்தார்கள். போக இடம் தேடிய பழுது, அங்கே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஜீவனுக்குள் புகுந்துவிட்டது. ரெமிஜியா புருஷனைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதவைத் திறந்து உள்ளே வரச்சொன்னாள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்று.

கடிகாரத்தை வாங்கியவர் ஈரோட்டில் மயில்சாமி என்று ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. வாழ்நாள் முழுக்கக் கடைசிப் பெட்டியில் நின்று, ஓடிப்போன தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்; எதையும் திரும்பிப் பார்த்துச் சந்தேகப்படுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கடிகாரம் நடுவில் நின்றுபோகும், அதை எழுதாமல் விட்டது எங்கள் தப்பு என்று ரெமிஜியா எழுதினாள். பதிலுக்கு அவரே போன் செய்தார்.

“ஏனுங்க அம்மணி, கடியாரம் வந்த நாள்லருந்து ஒரு நிமிசம் தப்பாம ஓடுதுங்க. இப்பப் போயி நிக்கும்னு சொல்றீங்க. என்ன, வெல ஏறிப்போச்சுங்களா? திரும்ப வாங்கிக்கப் பாக்கறீங்களா?”

“இல்லய்யா. கடியாரம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். அது பழுதுன்னு மட்டும் நம்புங்கய்யா, போதும்.”

“ஓடற கடியாரத்தப் பழுதுன்னு நம்பச் சொல்றீங்க. எனக்கென்ன வெவரம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

அவர் நம்பவில்லை. வேண்டுமானால் தெருவில் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன் என்றார். நாங்கள் ஆள் மாற்றி ஆள் பேசினோம். அண்ணாச்சி சத்தியம் செய்தார், கித்தேரியம்மாள் அழுதாள், சாமியாரும் ஒரு வார்த்தை பேசினார். அதுதான் காரியத்தைக் கெடுத்தது. மயில்சாமி எங்கள் ஒவ்வொருவருடைய ஏலப் பக்கத்தையும் உட்கார்ந்து வாசித்தார். ரெமிஜியா எழுதிய சிலதைத் தவிர எல்லாம் ‘நல்ல நிலையில் உள்ளது’, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம், மற்றபடி ஒரு தெரு முழுவதிலும் ஒரு பழுதுகூடக் கிடையாது. ‘உலகத்தில் இப்படி ஒரு தெரு இருக்க முடியாது. ஒரு தெருவே சேர்ந்து நாடகம் போடுகிறீர்கள்’ என்று எழுதிவிட்டு, போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். நாங்கள் இத்தனை காலம் சேர்த்துவைத்த நட்சத்திரங்கள் அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தன.

மறுநாள் காலை வெயில் ஜன்னலுக்கு வந்தபோது, ரெமிஜியா முக்காலியை இழுத்துப் போட்டாள். வெள்ளை வேட்டியை விரித்தாள். மகளைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தாள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். அவள் எங்களைப் போகச் சொல்லவில்லை.

“பெனிட்டா, நேத்து கிளாஸ்ல என்ன நடந்துச்சு, அம்மாட்ட சொல்லுட்டி.”

பிள்ளை ஆரம்பித்தது. ஒருத்தி வாந்தி எடுத்தது, இன்னொருத்தி டீச்சரைப் பாட்டி என்று கூப்பிட்டது எல்லாம் வந்தது. ரெமிஜியா போனைப் பிடித்து வீடியோப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். அது நல்ல பக்கம், அதையும் எடுத்தாள். பிறகு பிள்ளை நின்றது. கண் விழித்தபடி, கை பாதி உயர்ந்தபடி, கடைவாயில் எச்சில் இறங்க ஆரம்பித்தது. ஒரு ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. ரெமிஜியாவின் விரல் படத்துக்குள் வந்தது, ஆயிரம் சில்லுகளையும் கீறல்களையும் காட்டிய விரல். ஆனால் அதற்கு அவள் மகளைச் சுட்டிக்காட்ட வரவில்லை, ஈயை விரட்டியது, எச்சிலைத் துடைத்தது, அப்படியே கன்னத்தில் தங்கிவிட்டது. ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அவள் படத்தை நிறுத்தவில்லை. நானும் மற்றவர்களும் வேறு பக்கம் பார்த்தோம், எங்களால் முடியவில்லை.

படத்துக்குக் கீழே அவள் எழுதியதை, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

‘பெயர் பெனிட்டா. வயது எட்டு. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, முளைத்துவிடும். இடது முழங்காலில் சைக்கிளில் விழுந்த தழும்பு. பொய் சொல்லுவாள், உடனே பிடிபட்டுவிடுவாள். பேசிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடுகிறாள், நிற்கிற நேரம் கூடிக்கொண்டே வருகிறது. இந்தக் கடைசிக் குறை அவளுடையது இல்லை. உங்களிடம் உள்ள கடிகாரத்துடையது. என் வீட்டுக்காரர் சொல்லாமல் விட்டார், நான் கேட்காமல் விட்டேன். மற்றபடி இவளிடம் எந்தக் குறையும் இல்லை.’

அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு டிக்குகளும் நீலமாயின. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது. இதையும் நாடகம் என்பாரோ என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். நாங்கள் என்றால் அப்படித்தானே சொல்லியிருப்போம்? பிள்ளைக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்றிருப்போம், ஈயைக்கூட நம்பியிருக்க மாட்டோம்.

பெனிட்டாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “அம்மா, டீச்சர் சொன்னாங்க, திங்கக்கெழம வரும்போது எல்லாரும்” என்றாள். கால் ஆடுவது நின்றது. காத்திருந்தோம். ‘டக்’ வரவில்லை. வெயில் அவள் மடியிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது, அங்கிருந்து வேட்டிக்கு இறங்கியது. இத்தனை நேரம் அவள் நின்றதே இல்லை. கித்தேரியம்மாள் தெருவிலேயே முழங்காலிட்டாள். தொம்மை மகளின் இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பாதம் சில்லிட்டுக்கொண்டு வருகிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, எங்களுக்கு அவன் முகத்திலேயே தெரிந்தது. ரெமிஜியா போனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை, மகளின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கலர் பேப்பர் கொண்டாரணுமாம்,” என்றாள் பெனிட்டா. “பச்சக் கலர்னா எனக்கு வேண்டாம்மா.”

நாக்கு சத்தம் போடவில்லை. கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் முக்காலியின் ஓரத்தில் கிடந்த போன் மினுங்கியது. மயில்சாமி எழுதியிருந்தார்.

‘கடியாரம் நின்னுபோச்சுங்க அம்மணி. பாப்பா பேசறாளா?’

ரெமிஜியா பதில் எழுதப் பார்த்தாள். இத்தனை ஆயிரம் பொருள்களைப் பற்றி ஒரு சொல் கூடாமலும் குறையாமலும் எழுதியவளுக்கு எழுத்து ஒன்றும் அகப்படவில்லை. அவரை அழைத்து, போனை மகளின் காதில் வைத்தாள்.

“நீயே சொல்லுட்டி.”

“யாரும்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், பெனிட்டா போனைப் பிடுங்கிக்கொண்டு ஈரோட்டுக்காரரிடம் ஒருத்தி வாந்தி எடுத்த கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.